வெங்காயத்தாமரை என்று திருத்தி வாசிக்கவும்

சென்ற மாதம் எங்கள் ஏரியைப் பற்றி ஒரு மனு கொடுத்தேன். ஏரி முழுக்க வெங்காயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. கீழே தண்ணீர் இருக்கிறதா என்று கல்லை விட்டெறிந்து பார்த்தாலும் சத்தம் வராது. மனு எழுதும் முறை எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மனு வாங்கியவள். யாருக்கு அனுப்பி யாருக்கு நகல் போட வேண்டும், எந்த இணைப்பை வேண்டுமென்றே விட்டுவைத்தால் அதைக் கேட்டாவது ஒரு கடிதம் வரும் என்பதெல்லாம் அத்துப்படி. கடிதம் வந்தது. ‘பொருள்: ஆகாயத்தாமரைகளை அகற்றக் கோருதல்’ என்று தொடங்கியது. நான் மனுவில் நான்கு இடங்களில் வெங்காயத்தாமரை என்று எழுதியிருந்தேன். நான்கையும் கவனமாகப் படித்து நான்கையும் மாற்றியிருந்தார்கள்.

இரண்டும் வேறு வேறு செடிகள். ஆகாயத்தாமரை சின்னது, வெளிர்பச்சை இலைகளை விரித்துக்கொண்டு தண்ணீர்மேல் பூப்போல உட்கார்ந்திருக்கும். நாட்டு வைத்தியர்கள் தேடி வந்து எடுத்துப் போவார்கள். வெங்காயத்தாமரைக்குக் காம்பு வெங்காயம் மாதிரி உப்பி, உள்ளே காற்று அடைத்திருக்கும். ஊதாப் பூ. எந்தத் தேசத்திலிருந்தோ வந்தது. ஒரு துண்டு வேர் போதும், ஒரு கோடையில் குட்டையை மூடிவிடும். இன்றைக்குச் செய்தித்தாள்கள்கூட வெங்காயத்தாமரையை ஆகாயத்தாமரை என்றுதான் எழுதுகின்றன. இந்தப் பிழையை நாட்டில் முதலில் செய்தவர் யாரென்று தெரியாது. எங்கள் ஏரியைப் பொறுத்தவரை தெரியும்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவில், ரயில் நிற்காத ஊர். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு ஏரியில் லஸ்கர் வேலை: மதகைத் திறப்பது, மூடுவது, கரையில் எலி வளை தோண்டினால் அடைப்பது. தற்காலிகப் பணி. அடுத்த ஆண்டு நிரந்தரம் ஆகிவிடும் என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்வார்கள். எங்கள் தெருவில் சர்க்கார் சம்பளம் வாங்கியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் அந்த ஏரி பாயும் வயல்களில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தார்கள். வயலும் எங்களுடையது இல்லை, ஏரியும் எங்களுடையது இல்லை. ஆனால் ஏரி வற்றினால் முதலில் அடுப்பு அணைவது எங்கள் தெருவில்தான்.

நைனாவின் பொறுப்பில் இரண்டு ஏரிகள் இருந்தன. குன்றின் காலடியில் சின்னதாக மேல் ஏரி. அது நிரம்பி வழிந்தால் ஒரு கால்வாய் வழியாகத் தண்ணீர் எங்கள் பெரிய ஏரிக்கு வரும். நடுவில் ஒரு கல் பாலம். அந்த ஆண்டு ஆடி மாதத்தில் மேல் ஏரியின் ஒரு மூலையில் ஊதாப் பூ பூத்திருந்தது. மீன் குஞ்சு கொண்டுவந்த டின்னில் வந்ததா, எருமைமேல் வந்ததா, யாராவது அழகுக்குப் போட்டார்களா, தெரியாது. எனக்கு அழகாக இருந்தது. நைனா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒன்றைப் பிடுங்கி, காம்பை நசுக்கினார். புஸ் என்றது.

“வெங்காயத்தாமர,” என்றார். “எங்க சித்தப்பன் ஊர்ல ஒரு ஏரிய இதான் துன்னுச்சு. ஐப்பசி மழைக்கு இங்க வழிஞ்சா நம்ம ஏரிக்கு வந்துடும். வந்துட்சின்னா அவ்ளோதான். எடுக்க முடியாது.”

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. காலையில் மதகு வேலை முடிந்ததும் மேல் ஏரிக்குப் போவார். பிடுங்கியதைக் கரையில் போடமாட்டார். மேட்டுக்கு இழுத்து, வேர் வானத்தைப் பார்க்கக் கவிழ்த்து, பாறையில் காயவைத்து, சருகான பிறகு கொளுத்துவார். மண்வெட்டியை இரண்டு தரம் கழுவுவார். என் பாவாடை ஓரத்தை உதறிவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவார். கல் பாலத்தில் ஒரு சுங்கச்சாவடியே நடத்தினார். மேல் ஏரியில் மீன் பிடித்தவர்கள் இரண்டு நாள் வெயிலில் காயவைக்காமல் வலையைப் பெரிய ஏரிக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கே குளித்த எருமைகளை நிறுத்தி, வாலைத் தூக்கி, குளம்பிடுக்கு வரைக்கும் பார்ப்பார். ஊர் சிரித்தது.

“இன்னா அண்ணாத்த, எருமைக்கு டெஸ்ட் வச்சிகினு கீறியா? பாஸா, பெயிலா?”

“உன் எருமை பாஸு. நீதான் பெயிலு. கூடைய கவுத்துக் காட்டு,” என்பார் நைனா.

மாமா, அம்மாவின் தம்பி, மாமல்லபுரத்தில் சிற்பக் கூடத்தில் கல் தேய்க்கும் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருவார். நைனா அவரிடம் ஒரு பழைய வலை கேட்டிருந்தார். கடற்கரையில் யாரோ வேண்டாமென்று போட்ட வலையை மாமா சாக்கில் கட்டித் தூக்கிவந்தார். பஸ் முழுக்கக் கருவாட்டு நாற்றம், கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிடப் பார்த்தாராம்.

“மச்சான், இந்த ஏரில திமிங்கிலம் புடிக்கப் போறியா இன்னா?”

“இலை புடிக்கப் போறேன்.”

“இலைக்கு வலை போட்ட மொத ஆளு நீதான். மாமல்லபுரத்துல ஒரு கல்லு சும்மா கெடக்குது, உன்ன செதுக்கி வைக்கச் சொல்லட்டுமா?”

இருவரும் சிரித்துக்கொண்டே பாலத்தடியில் வலையை இரட்டையாக மடித்துக் கட்டினார்கள். கீழே கல் கோத்து, மேலே மூங்கில் வைத்து, தண்ணீர் போகும், இலை போகாது என்கிற கணக்கில். நான் பார்த்த அரசாங்கத் திட்டங்களில் செலவே இல்லாமல் வேலை செய்திருக்கக்கூடியது அது ஒன்றுதான். ஆனால் அது அரசாங்கத் திட்டம் இல்லை. அதுதான் சிக்கல்.

புரட்டாசி பிறந்தபோது மேல் ஏரியில் பாதி துப்புரவாகியிருந்தது. மீதிப் பாதியை ஒரு ஆளால் மழைக்குள் முடிக்க முடியாது. நைனா அலுவலகத்துக்கு எழுத முடிவு செய்தார். அவருக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். எழுத்து வேலை என்னுடையது.

“கண்ணு, மேல் ஏரில வெங்காயத்தாமர பூந்துகிச்சு, மழைக்கு முன்னால எடுக்கணும், பத்து நாளைக்கு ரெண்டு ஆளு குடுங்கன்னு எழுது. அவ்ளோதான்.”

அவ்வளவுதான் என்பதை எழுத எனக்கு இரண்டு பக்கம் ஆனது. அந்த ஆண்டு பள்ளியில் தமிழ்க் கட்டுரைக்கு முதல் பரிசு வாங்கியிருந்தேன். ஒரு சோப்பு டப்பா. அதில் சோப்பு கிடையாது. வெங்காயம் என்ற சொல்லை அலுவலகத்துக்குப் போகும் கடிதத்தில் எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் அது பாதி நேரம் காய், பாதி நேரம் திட்டு. எங்கேயோ ஆகாயத்தாமரை என்று ஒரு சொல்லைப் பார்த்திருந்தேன். ஆகாயம், தாமரை, இரண்டும் என் கட்டுரைகளில் ஏற்கெனவே வேலை பார்த்தவை. அதையே போட்டேன். முடித்துவிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன்.

“அது இன்னா ஆகாயத்தாமர?” என்றார் நைனா.

“அதான் நைனா நல்ல தமிழ். வெங்காயம்னு எழுதினா ஆபீசுல சிரிப்பாங்க.”

“ஆமா மச்சான்,” என்றார் மாமா. “அங்க ஏற்கெனவே நெறைய வெங்காயம் கீது.”

நைனா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து தெரியாதவர் ஒரு தாளை அப்படிப் பார்ப்பதை அதற்குப் பிறகு என் மேசைக்கு எதிரே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

“படிச்ச புள்ள சொல்லுது. சரியாத்தான் இருக்கும்,” என்று கையெழுத்துப் போட்டார்.

ஆள் வரவில்லை. பத்து நாள் கழித்துச் சைக்கிளில் ஒரு கடிதம் வந்தது. குறிப்பாணை என்று தலைப்பு. எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. நான் ஓய்வூதியம் வாங்குகிறவள். ஏரியின் விளைபொருளான ஆகாயத்தாமரையை அப்புறப்படுத்திவரும் செயல் குறித்தும், கால்வாயில் செய்துள்ள ஏற்பாடு குறித்தும் மூன்று தினங்களுக்குள் ‘உரிய விளக்கம் கோரப்படுகிறது’ என்று அதில் இருந்தது.

எங்கள் வினாத்தாளில் ‘விளக்குக’ என்று வந்தால் அது பத்து மதிப்பெண் கேள்வி. பக்கம் பக்கமாக எழுதினால் வாத்தியார் சந்தோஷப்படுவார்.

“நைனா, நீ எப்டிப் பண்ணேன்னு சர்க்காரே கேக்குது,” என்றேன்.

“அதுக்கு இன்னாத்துக்கு மூணு நாளு கெடு?” என்றாள் அம்மா. அந்த வீட்டில் நிர்வாக அறிவு இருந்த ஒரே ஆள் அவள்தான்.

“மத்த ஏரிக்கெல்லாம் சொல்லணும் இல்லம்மா. மழ வருதுல்ல.”

அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். அன்றைக்கு வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நான் ஆறு பக்கம் எழுதினேன். செடியை எப்படி வேரோடு பிடுங்குவது, எப்படிக் காயவைப்பது, எப்படிக் கொளுத்துவது, கால்வாயின் குறுக்கே வலையை எப்படிக் கட்டியது, எல்லாம். ‘ஆகாயத்தாமரை என்னும் பெயரே எம் ஏரியில் இல்லாதவாறு பூண்டோடு அழித்து வருகிறோம்’ என்று முடித்தேன்.

“அவ்ளோல்லாம் இன்னும் முடிக்கல கண்ணு,” என்றார் நைனா.

“கட்டுரைல அப்டித்தான் எழுதணும்.”

முப்பத்து நான்கு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான விளக்கங்களைப் படித்திருக்கிறேன். திருடியவர்கள், பொய் பில் போட்டவர்கள், ஆறு மாதம் வேலைக்கே வராதவர்கள் எழுதியவை. தன்மேல் இருந்த அத்தனை குற்றச்சாட்டையும் வர்ணனையோடு, உவமையோடு, மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்ட விளக்கம் அது ஒன்றுதான். அதற்கு மேல் விசாரணைக்கு என்ன இருக்கிறது?

ஐப்பசியில் முதல் மழை பெய்து நின்ற ஒரு காலையில் அலுவலகத்திலிருந்து ஓவர்சீயர் வந்தார். கெட்டவர் இல்லை. பாலத்தின்மேல் குடையை ஊன்றிக்கொண்டு, பையிலிருந்து உத்தரவை எடுத்துப் படித்தார். ஆகாயத்தாமரை மருந்துச் செடி, ஏரியின் விளைபொருள், ஏலம் விடாமல் யாரும் தொடக் கூடாது, ஏலம் தை மாதத்துக்குப் பிறகு. கால்வாயில் போட்ட தடையை உடனே எடுக்க வேண்டும்.

கீழே மேல் ஏரியின் தண்ணீர் வழியத் தொடங்கியிருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் பச்சையாக ஒரு மேடு சேர்ந்து, மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் தண்ணீர் மட்டும் வந்தது. ஓர் இலை இல்லை.

“சார், எறங்கிப் பாருங்க,” என்றார் நைனா. “இது வெங்காயத்தாமர சார். இத ஏலம் போட்டா மாடுகூட கேக்காது.”

“எனக்குத் தெரியாதாப்பா? எங்க மாமியார் வூட்டுக் கொளம் பூரா இதான். ஆனா பேப்பர்ல இன்னா கீது? ஆகாயத்தாமர. ரெண்டு வாட்டியும் அதான் கீது. யாரு எழுதுனது?”

நான் நைனாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மாமாவும் இருந்தார்.

ஓவர்சீயர் குரலைத் தணித்தார். “இத பாரு. யாராவது தெரியாம எழுதிக் குடுத்திருந்தா சொல்லு. அவுங்ககிட்ட ஒரு ஸ்டேட்மென்ட் வாங்கிக்கினு பேர மாத்திடலாம். ஒரு நாள் வேல. அதுவரைக்கும் வலைய நான் பாக்கல.”

ஸ்டேட்மென்ட். இன்றைக்கு எனக்கு அது ஒரு பக்கத் தாள். எழுதியவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ‘அறியாமையால் பெயரைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன்’ என்று எழுதி வாங்கி, டீ சொல்லி அனுப்பிவிடுவார்கள். நானே நிறையப் பேரிடம் வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் ஸ்டேட்மென்ட் என்ற சொல் ஒரே ஒரு வழியாகத்தான் வந்திருந்தது. அறுவடைக் கூலித் தகராறின்போது போலீஸ் வந்து, ஸ்டேட்மென்ட் வாங்க வேண்டும் என்று நான்கு பேரை வேனில் ஏற்றிப் போனது. அவர்கள் திரும்பிவந்த கோலத்தைத் தெரு முழுக்கப் பார்த்தது.

நைனா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓவர்சீயருக்குத் தெரிந்துபோயிருக்கும்.

“யாரும் எழுதிக் குடுக்கல சார். நான்தான் எழுதுனேன். பேரு சரியா தெரியல எனக்கு. தப்பா எழுதிட்டேன்.”

“எழுத்து சின்னப் புள்ள எழுத்தாட்டம் கீது.”

“என் எழுத்து அப்டித்தான் சார். கோணலா வரும்.”

ஓவர்சீயர் உத்தரவை மடித்துப் பையில் வைத்தார். “அப்போ நான் இன்னா பண்றது? ஏரி லஸ்கரே பேரு தெரியாதுன்னு எழுதிக் குடுத்தா ஆபீசுல எடுத்துக்க மாட்டாங்க. அவுத்துடு.”

மாமா நைனாவின் கையைப் பிடித்தார். “மச்சான், வேணாம். யோசி.” நைனா அவரை ஒரு பார்வை பார்த்தார்; மாமா கையை எடுத்துவிட்டார். பிறகு இருவருமாகக் கால்வாயில் இறங்கினார்கள். வலை இழுவிசையில் விறைத்திருந்ததால் முடிச்சு அவிழவில்லை. நைனா இடுப்புக் கத்தியை எடுத்து ஒரு பக்கக் கயிற்றை அறுத்தார். மூங்கில் திரும்பியது. பச்சை மேடு மொத்தமாகச் சரிந்து பாலத்தடியில் நுழைந்து, இந்தப் பக்கம் வந்து, தனித்தனியாகப் பிரிந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போனது. சிலவற்றில் பூ இருந்தது. நைனா தொடையளவுத் தண்ணீரில் நின்று கைக்கு எட்டியதையெல்லாம் பிடித்துப் பிடித்துக் கரைமேல் எறிந்தார். ஓவர்சீயர் மெதுவாகச் சொன்னார், “தொடக் கூடாதுப்பா. உத்தரவு.” அதற்குப் பிறகு நைனா கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். அவர் காலைச் சுற்றிக்கொண்டு செடிகள் போயின. நான் பாலத்தின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

தை மாதம் ஏலம் நடந்தது. கேட்க யாரும் வரவில்லை. வராததால் ஒத்திவைத்தார்கள். அதற்குள் எங்கள் ஏரியின் வடக்கு மூலை பச்சையாகிவிட்டது. அடுத்த ஆண்டு மதகு அடைத்துக்கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டு இரண்டாம் போகம் நின்றது. தெருவிலிருந்து ஆட்கள் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் செங்கல் சூளைக்குப் போக ஆரம்பித்தார்கள். நைனாவின் தற்காலிகப் பணி பங்குனியோடு தேவையில்லாமல் போயிற்று. அவர் மாமல்லபுரத்தில் மாமாவுடன் கல் தூக்கப் போனார். கல் தூசி நெஞ்சில் இறங்கி, நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டு செத்துப்போனார். எங்கள் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பஸ்ஸில் ஊருக்கு வரும்போது ஏரிக்கரை வந்தால் மறுபக்கம் பார்த்துக்கொள்வார்.

பணியில் இருந்தபோது அந்தக் கோப்பைத் தேடினேன். வைப்புக் காலம் முடிந்து, முறைப்படி பட்டியலிட்டு, கொளுத்திவிட்டார்களாம். இத்தனை ஆண்டுகளில் வேரோடு, மிச்சமில்லாமல், விதிப்படி அழிக்கப்பட்டது அது ஒன்றுதான். அதில் ஒரு பிழைதிருத்தம் சேர்த்திருந்தால் போதும்: ‘ஆகாயத்தாமரை என்றிருப்பதை வெங்காயத்தாமரை என்று திருத்தி வாசிக்கவும்.’ ஒரே வரி. அதுமாதிரி வரிகளில் எத்தனை ஆயிரம் கையெழுத்துப் போட்டிருப்பேனோ. இப்போது வந்த கடிதத்துக்கும் அந்த வரியை எழுதி அனுப்பியிருக்கிறேன். அதற்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று பாலத்தின் மறுகோடியில் நான் ஏன் போய் நின்றேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். செடிகள் வழிந்து போனதற்காக இல்லை. ஏரி போய்விட்டது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் நிறையத்தான் வந்துகொண்டிருந்தது. நைனா ஈரத்தோடு மேலே ஏறிவந்து, “வா கண்ணு, வூட்டுக்குப் போலாம்,” என்று கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. வழியெல்லாம் நான்கடி பின்னாலேயே நடந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பரிசு வாங்கிய என் எழுத்தை, நான் ராத்திரியும் பகலும் உட்கார்ந்து எழுதிய எட்டுப் பக்கத்தை, அத்தனை பேர் எதிரில் தான் எழுதியதாகச் சொல்லிக்கொண்டுவிட்டார். போதாததற்குக் கோணல் என்றும் சொல்லிவிட்டார்.